மோர்ஸ் காதுக்கான பாடம்: தமிழ்நாட்டு ஹாம் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகிகளுக்கும், ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்துச் சம்பளமில்லாமல் வகுப்பெடுக்கும் பயிற்சியாளர்களுக்கும், பேண்டில், அதாவது ரேடியோ அலைவரிசையில், நாள்தோறும் கேட்கும் மூத்த ஆபரேட்டர்களுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். அடுத்த முறை புதியவர்களுக்கு மோர்ஸ் (குறுகிய ஒலியும் நீண்ட ஒலியுமாக எழுத்துகளை அனுப்பும் முறை) வகுப்பு தொடங்கும்போது, அந்த அட்டவணையை முதல் நாளே கையில் கொடுக்காதீர்கள். ஏ-க்குப் புள்ளி கோடு, பி-க்குக் கோடு புள்ளி புள்ளி புள்ளி என்று ஒரே பக்கத்தில் அச்சடித்து, ஜெராக்ஸ் எடுத்து, நாற்காலிதோறும் வைக்கிறோமே, அந்தத் தாளைத்தான் சொல்கிறேன். நல்ல காதும் நல்ல ஆர்வமும் உள்ள பலரை மோர்ஸை விட்டே ஓட வைப்பது அந்தத் தாள்தான் என்பது என் உறுதியான எண்ணம். கூடவே இன்னொன்று: ஜெனரல் கிரேடு என்ற மேல்நிலை உரிமம் வாங்குவதற்காக எப்படியோ தொலைத்துக்கட்ட வேண்டிய பாடமாக மோர்ஸை அறிமுகப்படுத்தாதீர்கள். ஹாம் ரேடியோவில், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக நடத்தும் அமெச்சூர் வானொலியில், இருக்கும் பெரிய சந்தோஷங்களில் அது ஒன்று. அந்தச் சந்தோஷத்தை முதல் ஒரு மணி நேரத்திலேயே காட்டிவிட முடியும்.

நான் மதுரையிலிருந்து இயங்கும் வி.யு.2 (ஜெனரல் கிரேடு) ஆபரேட்டர். குரலிலும் பேசுகிறேன், ஆனால் ரேடியோ முன் உட்காரும் நேரத்தில் பெரும்பகுதி சி.டபிள்யூ.வில், அதாவது மோர்ஸில்தான் போகிறது. சங்க வகுப்புகளுக்கு உதவிக்குப் போவது உண்டு. அங்கே கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

2003 வரை உலகம் முழுக்க ஒரே விதிதான். 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அனுப்ப விரும்பும் அமெச்சூருக்கு மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ரேடியோ ஒழுங்குவிதிகளிலேயே எழுதியிருந்தது. அந்த ஆண்டு ஜெனீவாவில் கூடிய உலக ரேடியோ மாநாடு கட்டாயத்தை எடுத்துவிட்டு, முடிவை அந்தந்த நாட்டிடமே விட்டது. பிரிட்டன் அதே ஆண்டில் மோர்ஸ் தேர்வைக் கைவிட்டது. அமெரிக்கா 2007 பிப்ரவரியில் கைவிட்டது. நம் நாட்டில் நான் தேர்வு எழுதிய காலத்தில் ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் வாங்கவும் (கேட்டு எழுதவும்) அனுப்பவும் தெரிய வேண்டும். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸே வேண்டாம்.

இதனால் நம் பக்கத்தில் ஒரு பழக்கம் ஊறிவிட்டது. மோர்ஸ் என்றால் ஜெனரல் கிரேடு. ஜெனரல் கிரேடு என்றால் மோர்ஸ். வி.யு.3 என்ற ரெஸ்ட்ரிக்டட் கிரேடில் தொடங்கிய பையன் வி.யு.2-க்கு மாற ஆசைப்பட்டால், தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மோர்ஸைத் தொடுகிறான். மனப்பாடம் செய்கிறான். பாஸாகிறான். அதற்குப் பிறகு மோர்ஸ் தட்டும் கீ பரணுக்குப் போய்விடுகிறது. மைக்கில் அழகாகப் பேசுகிற எத்தனையோ வி.யு.2 நண்பர்களிடம், "சி.டபிள்யூ.வுக்கு வாங்களேன்" என்று கேட்டிருக்கிறேன். "அதெல்லாம் பரீட்சையோட போச்சு ஓ.எம்." என்பதுதான் பதில் (ஓ.எம். என்பது ஹாம்கள் தங்களுக்குள் கூப்பிடும் சொல்). அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பரீட்சைக்காக என்று சொல்லித்தந்தது பரீட்சையோடு போகத்தான் செய்யும்.

கட்டாயம் போனால் மோர்ஸும் போய்விடும் என்று அப்போது பல நாடுகளில் பயந்தார்கள். நடந்தது வேறு. சி.டபிள்யூ.ஆப்ஸ் என்ற சர்வதேசச் சங்கம் சி.டபிள்யூ. அகாடமி என்ற பெயரில் இலவசமாக வகுப்பு நடத்துகிறது. சொல்லித்தருபவர்கள் தொண்டர்கள், சின்னக் குழு, வாரம் இரண்டு முறை வீடியோவில் சந்திப்பு, மற்ற நாட்களில் வீட்டுப் பயிற்சி. மோர்ஸ் தேர்வே இல்லாத நாட்டுக்காரர்கள் அதில் பெயர் கொடுத்துக் காத்திருந்து படிக்கிறார்கள். ஜெர்மனி 2014-இல் மோர்ஸ் தந்திமுறையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. யாரும் கட்டாயப்படுத்தாமலேயே மக்கள் தேடிப்போகிற ஒன்றை நாம் மட்டும் பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லித்தருகிறோம்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன்.

ஒரு கல்லூரி ஹாலில் வகுப்பு. இரண்டாம் ஆண்டு எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பெண் ஒருத்தி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பயிற்சியாளர் நிமிடத்துக்கு 5 சொல் வேகத்தில் எழுத்துகளை ஒலிக்க விட்டார். அந்தப் பெண் இடது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு விரலை மடக்கினாள். ஒலி நின்றதும் கண் தாளுக்குப் போனது. மேலிருந்து கீழே தேடியது. பிறகு பென்சில் எழுதியது. "எல்-னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள மூணு எழுத்து போயிடுது சார்" என்றாள். முகத்தில் அழுகை வராத குறை. வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான்; மின்சுற்றுக் கேள்விகளுக்கு எல்லோருக்கும் முன்பாகக் கை தூக்குகிறவள்.

அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நிதானமாகப் பாருங்கள். காதில் விழுந்த ஒலியைப் புள்ளியும் கோடுமாக மாற்றுகிறாள். அந்தப் புள்ளி கோட்டை மனசுக்குள் இருக்கும் தாளில் தேடுகிறாள். அங்கே கிடைத்த எழுத்தை எழுதுகிறாள். மூன்று வேலை. 5 சொல் வேகத்தில் ஒரு டிட்டின், அதாவது குறுகிய ஒலியின், நீளம் 240 மில்லி செகண்ட். எண்ணி முடிக்க நேரம் இருக்கிறது. 8 சொல்லில் அது 150 மில்லி செகண்டாகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணிவிடலாம். 20 சொல்லில் 60 மில்லி செகண்ட். எந்த மனிதனாலும் எண்ண முடியாது. அதனால் தாளில் படித்தவர் 8-க்கும் 10-க்கும் நடுவே எங்கேயோ போய் முட்டிக்கொண்டு நிற்கிறார். மேலே போக வேண்டுமானால் படித்ததையெல்லாம் மறந்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டும். தேர்வு வேகமும் அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், பாஸானதும் "எனக்கு இவ்வளவுதான் வரும்" என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். அவருக்கு வராததல்ல, நாம் ஏற்றிவிட்ட வழி அங்கேயே முடிந்துபோகிற வழி.

இதைக் கண்டுபிடித்துப் பல காலம் ஆகிவிட்டது. ஜெர்மானிய உளவியலாளர் லுட்விக் கோச் 1930-களில் இதைச் சோதித்துப் பார்த்து ஒரு முறையை வகுத்தார். ஆரம்பத்திலிருந்தே எழுத்து முழு வேகத்தில் ஒலிக்க வேண்டும். ஆனால் முதலில் இரண்டே எழுத்துகள்தான். அந்த இரண்டையும் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக எழுதினால் மூன்றாவதைச் சேர்க்கலாம். அதுவும் தொண்ணூறைத் தொட்டால் நான்காவது. வேகம் ஏறுவதே கிடையாது; எழுத்துகள்தான் கூடுகின்றன. இன்றைக்குக் கோச் பெயரில் இருக்கும் பயிற்சி மென்பொருள்கள் பெரும்பாலும் கே, எம் என்ற இரண்டில் தொடங்குகின்றன. டா டி டா. டா டா. (டா நீண்ட ஒலி; டி, டிட் இரண்டும் குறுகிய ஒலி.) எண்ணவே தேவையில்லை, குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும்.

ஃபார்ன்ஸ்வொர்த் முறை என்று இன்னொன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுத்து 18 அல்லது 20 சொல் வேகத்தில் விரைவாக வரும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி மட்டும் நீளமாக இருக்கும். யோசிக்க நேரம் கிடைக்கிறது, ஆனால் எண்ண நேரம் கிடைக்காது. காது பழகப் பழக இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போகலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தருவதுதான் எனக்குப் பிடித்த வழி.

நமக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்ற வேண்டியதே இல்லை. மிருதங்கம் கற்றுக்கொள்ளப் போகிற பிள்ளைக்கு வாத்தியார் முதலில் என்ன தருகிறார்? தகதிமி, தகஜணு என்று சொற்கட்டை வாயால் சொல்ல வைக்கிறார். தாளம் நாக்கிலும் காதிலும் ஊறிய பிறகுதான் விரல் தோலில் படுகிறது. மோர்ஸும் தாளம்தான். டிட் ஒரு பங்கு என்றால் டா மூன்று பங்கு. எழுத்துக்குள் இருக்கும் இடைவெளி ஒரு பங்கு, எழுத்துகளுக்கு நடுவே மூன்று, சொற்களுக்கு நடுவே ஏழு. இந்தக் கணக்கை வாயால் சொல்லித்தந்தால் பிள்ளைகள் அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள். ஆகவே வகுப்பில் புள்ளி, கோடு என்ற சொற்களையே ஒதுக்கிவிடலாம் என்பேன். சி என்பது டா டி டா டிட். கியூ என்பது டா டா டி டா. எஃப் என்பது டி டி டா டிட். எல் என்பது டி டா டி டிட். தாளில் பார்த்தால் எஃப்பும் எல்லும் ஒன்றையொன்று குழப்பும். பாடிக் காட்டினால் இரண்டும் வெவ்வேறு தாளம், குழப்பமே வராது.

அந்தப் பெண்ணிடம் தாளை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். பயிற்சியாளரின் அனுமதியோடு கே, எம் இரண்டை மட்டும் 18 சொல் வேகத்தில் கலந்து ஒலிக்க விட்டோம். "ஐயோ, இவ்ளோ வேகமா?" என்றாள் முதலில். கொஞ்ச நேரத்தில் பென்சில் தானாக ஓட ஆரம்பித்தது. ஆர் சேர்ந்தது: டி டா டிட். வகுப்பு முடிவதற்குள் மூன்று எழுத்தும் அவள் நோட்டில் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தன. விரல் மடங்கவில்லை. கண் நோட்டிலேயே இருந்தது.

பயிற்சியாளர்களுக்கு நடைமுறை விஷயம் ஒன்று. மோர்ஸ் வார இறுதிப் பாடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார வைப்பதைவிடத் தினம் காலையில் கால் மணி, இரவில் கால் மணி கேட்பது எத்தனையோ மடங்கு மேல். வகுப்பில் நேரில் சந்திப்பது உற்சாகம் கொடுக்கவும் சந்தேகம் தீர்க்கவும் இருக்கட்டும். பயிற்சி வாட்ஸ்அப் குழுவில் நடக்கட்டும்: தினமும் பத்து நிமிட ஒலிக்கோப்பு ஒன்று, அன்றைய எழுத்துகளோடு, மறுநாள் காலையில் விடை. எல்.சி.டபிள்யூ.ஓ. என்ற இணையதளத்தில் கோச் பாடங்கள் முழுக்க இலவசமாக இருக்கின்றன; யார் எத்தனை சதவீதம் என்று அதுவே கணக்கும் வைக்கும். பஸ்ஸில் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாம். இதற்கு ஹால் வாடகை வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

தவறவிட்ட எழுத்தை விட்டுவிடவும் சொல்லிக்கொடுங்கள். நம் பிள்ளைகள் பரீட்சைக்குப் பழகியவர்கள். ஒன்று போனால் அதையே நினைத்துக்கொண்டு அடுத்த ஐந்தைக் கோட்டை விடுகிறார்கள். ஒரு சின்ன கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பழக வேண்டும். வாங்குவதில் பாதி இதுதான்.

கீயைப் பற்றி மூத்தவர்களோடு எனக்குச் சின்ன கருத்து வேறுபாடு உண்டு. முதல் நாளே கீயைக் கொடுத்துத் தட்டச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. காதில் தாளம் இல்லாதவன் கையில் தாளம் எங்கிருந்து வரும்? டாவைக் குறுக்கியும் இடைவெளியை விழுங்கியும் ஒரு கோணல் பழகிவிட்டால் அப்புறம் நிமிர்த்துவது கஷ்டம். பத்துப் பதினைந்து எழுத்துகள் காதில் உட்கார்ந்த பிறகு ஸ்ட்ரெய்ட் கீ (மேலும் கீழுமாகத் தட்டும் சாதாரண கீ) கொடுக்கலாம். முன்கை முழுதும் மேசையில் படுகிற மாதிரி கீயைத் தள்ளி வையுங்கள். அசைய வேண்டியது மணிக்கட்டு. அனுப்பியதை மொபைலில் பதிவு செய்து, அவர்களையே திரும்ப வாங்கச் சொல்லுங்கள். தன் கையைத் தானே கேட்பதைப்போலத் திருத்தம் வேறில்லை. பேடிலும் (இரண்டு இலை உள்ள கீ) கீயரும் (டிட், டாவைத் தானாக உருவாக்கும் சுற்று) அதற்குப் பிறகு. இரண்டு இலையையும் சேர்த்து அழுத்தினால் டாவும் டிட்டும் மாறிமாறித் தானாக வந்து, சி என்ற எழுத்து ஒரே அழுத்தில் முடியும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் சிரிப்பைப் பார்க்க வேண்டுமே!

சந்தோஷம் சந்தோஷம் என்கிறாயே, அது என்ன என்று கேட்பீர்கள். ஒரு மாலையைச் சொல்கிறேன்.

ஜனவரி மாதம். 7 மெகாஹெர்ட்ஸின் அடிப்பகுதி. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பக்கத்து வேப்பமரம் வரை இழுத்துக் கட்டிய டைபோல் என்ற கம்பி ஆன்டெனா, அனுப்பும் சக்தி 5 வாட். நம் ஊர் இரைச்சல் தெரியுமே: எல்.இ.டி. விளக்குகளின் சீற்றம், எங்கேயோ ஓடும் இன்வெர்ட்டரின் முனகல், அதற்கு மேல் மின்னல் வெடிப்பு. அதற்கெல்லாம் அடியில் நூல்போல ஒரு தொனி. டா டி டா டிட், டா டா டி டா. சி.கியூ., அதாவது யாராவது பேச வாருங்கள் என்று, அழைக்கிறார் ஒரு ஜப்பானியர். குரலாக இருந்திருந்தால் அந்தச் சிக்னலில் யாரோ பேசுகிறார் என்பதுகூடத் தெரிந்திருக்காது. ஹாம்கள் குரலுக்குப் பயன்படுத்தும் எஸ்.எஸ்.பி. முறைக்கு 2,400 ஹெர்ட்ஸ் அகலமாவது வேண்டும். மோர்ஸ் சிக்னலுக்கு 150 ஹெர்ட்ஸ் அளவுக்கு இருந்தால் போதும். அனுப்புகிற சக்தி முழுக்க அந்தக் குறுகிய இடத்தில் குவிகிறது. கேட்கிற பக்கத்தில் ஃபில்டரை இறுக்கினால் இரைச்சலில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடுகிறது. மிச்சத்தை வடிகட்டக் காது இருக்கிறது. பழகிய காது ஒரு தொனியை மட்டும் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பதை எல்லாம் தள்ளிவிடும். இதைப் புத்தகத்தில் படித்து நம்ப முடியாது. ஒரு நாள் அது தன் காதிலேயே நடக்க வேண்டும்.

பதில் கொடுத்தேன். என் அழைப்புக்குறியில் பாதிதான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது; கேள்விக்குறியோடு திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். இந்த முறை முழுக்கப் பிடித்துக்கொண்டார். ஆர்.எஸ்.டி. 559 என்று சிக்னலின் தரம், பெயர், ஊர், பனி பெய்கிறது என்று வானிலை. இங்கே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது என்று நான் சொன்னதும், "எச்.ஐ. எச்.ஐ." என்று சிரித்தார். மோர்ஸில் சிரிப்புக்கும் தாளம் உண்டு: நான்கு டிட், இரண்டு டிட். நடுவில் சிக்னல் தேய்ந்து இரைச்சலுக்குள் மூழ்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்போது மெல்ல எழுந்து வந்தது. கடைசியில் 73, அதாவது வாழ்த்துகள். டா டா டி டி டிட், டி டி டி டா டா. கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம். பிறகு இருவரும் ஆளுக்கு இரண்டு டிட் போட்டுவிட்டு விலகினோம்.

இரவு விளக்கு எரிக்கிற மின்சாரத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, நடுவே கம்பியும் இல்லை, கோபுரமும் இல்லை, கம்பெனியும் இல்லை. என் கை அசைந்தது, அவர் காது கேட்டது. அவருடைய டாக்கள் கொஞ்சம் நீளம். சொல் முடிவில் மிகச் சிறிய தயக்கம். ஒரு வாரம் கழித்து அதே கைவாகைக் கேட்டபோது, அழைப்புக்குறி வருவதற்கு முன்பே அவர்தான் என்று தெரிந்துவிட்டது. குரலுக்கு இருப்பதுபோல ஒவ்வொரு கைக்கும் ஒரு சாயல் உண்டு.

இந்தச் சந்தோஷத்தை இந்தச் சந்தோஷமாகவே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வேறு காரணங்களைச் சொல்லி விற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். "பேரிடர் வந்தால் மோர்ஸ்தான் உயிர் காக்கும்" என்று நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறது. 2004 டிசம்பர் சுனாமியின்போது அந்தமானில் வி.யு.4 அழைப்பில் இயங்கிக்கொண்டிருந்த ஹாம் குழு செய்த தொண்டு நம் எல்லோருக்கும் பெருமை. ஆனால் ஒரு முகாமிலிருந்து கலெக்டர் அலுவலகத்துக்கு எத்தனை பேருக்குச் சாப்பாடு வேண்டும் என்று சொல்ல, கையடக்க வி.எச்.எஃப். (குறுந்தூர ரேடியோ) குரல்தான் விரைவான வழி. அதை மறைக்கக் கூடாது. மிகப் பலவீனமான சிக்னலை எடுப்பதில் மோர்ஸுக்கு மிஞ்சியது இல்லை என்பதும் இன்று சரியல்ல. ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் உருவாக்கி 2017-இல் வெளியான எஃப்.டி.8 என்ற கணினி முறை, காதுக்கு எட்டாத சிக்னலைக்கூட எடுத்துக் கொடுக்கும். அதில் விளையாடுகிற இளைஞர்களை முகம் சுளித்துப் பார்க்காதீர்கள். அலைப்பரவலைப் பற்றி அவர்கள் நிறையக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அங்கே பதினைந்து செகண்டுக்கு ஒருமுறை கணினியும் கணினியும் கைகுலுக்குகின்றன. கேட்டு, பிடித்து, சிரித்து, பதில் சொன்ன அனுபவம் வேண்டும் என்றால் மோர்ஸுக்கு வா என்று அவர்களைக் கூப்பிடலாம். உண்மையைச் சொல்லிக் கூப்பிட்டால் வந்தவர்கள் தங்குவார்கள்.

முதல் வகுப்பில் என்ன செய்யலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. சங்க நிலையத்தின் ரிசீவரை 14.100 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். வட கலிபோர்னியா டி.எக்ஸ். அறக்கட்டளையும் சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியமும் அமைத்த பீக்கன் (தானாகச் சிக்னல் அனுப்பும் நிலையம்) வரிசை அங்கே ஒலிக்கிறது. உலகெங்கும் 18 நிலையங்கள். ஆளுக்குப் பத்து செகண்ட். மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று. ஒவ்வொன்றும் தன் அழைப்புக்குறியை 22 சொல் வேகத்தில் அனுப்பிவிட்டு, நான்கு நீண்ட தொனிகளைப் போடும்: முதலாவது 100 வாட், அடுத்தது 10, அடுத்தது 1, கடைசி ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. அந்த வரிசையில் நம் பக்கத்து வீடான கொழும்பின் 4எஸ்7பி உண்டு. நான்காவது தொனியும் காதில் விழும் நாளில் வகுப்பைப் பாருங்கள். டார்ச் பல்புகூட அதைவிட அதிகம் செலவழிக்குமே என்று பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். எந்த எழுத்தும் தெரியாமலேயே மோர்ஸின் அருமை புரிந்துவிடும். சங்கத்தில் எச்.எஃப். (30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலைவரிசை) ஆன்டெனா இல்லையென்றால் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தின் இணைய ரிசீவரான வெப் எஸ்.டி.ஆர்.-ஐ மொபைலில் திறந்து 7 மெகாஹெர்ட்ஸின் அடிப்பகுதியைக் கேட்கலாம்.

செலவைப் பற்றிய பயத்தையும் போக்குங்கள். வெளிநாட்டு ரேடியோ விலையைப் பார்த்தே பலர் திரும்பிப் போகிறார்கள். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் ரேடியோ சுற்றுகள் உலகம் முழுக்கக் கட்டப்படுகின்றன. அந்தக் குடும்பத்தில் வந்த மைக்ரோ பிட்எக்ஸில் சி.டபிள்யூ. வசதி இருக்கிறது. மோர்ஸ் அனுப்பும் சின்ன டிரான்ஸ்மிட்டரை இரண்டு டிரான்சிஸ்டரில்கூடக் கட்டிவிடலாம். தான் சால்டர் செய்த பெட்டியில், தானே தட்டி, வெளிநாட்டுக்காரர் பதில் சொல்வதைக் கேட்கிற மாணவனை அதற்குப் பிறகு நீங்கள் தள்ளினாலும் போகமாட்டான்.

பார்வையற்ற மாணவர்கள் படிக்கும் பள்ளிகளுக்குப் போங்கள் என்றும் கேட்கிறேன். மோர்ஸ் முழுக்கக் காதின் மொழி. அட்டவணைத் தாள் அவர்களுக்கு எப்போதுமே தேவைப்பட்டதில்லை. உலகெங்கும் பார்வையற்ற ஹாம்கள் சி.டபிள்யூ.வில் சிறந்து விளங்குகிறார்கள். கை கால் அசைவு குறைந்தவர்களுக்கும் இரண்டே பொத்தான் போதும். கூகுள் 2018-இல் தன் கைபேசி விசைப்பலகையான ஜிபோர்டில் மோர்ஸ் விசைப்பலகையைச் சேர்த்தது அவர்களை மனத்தில் வைத்துத்தான்.

கடைசியாக மூத்த ஆபரேட்டர்களுக்கு. உங்கள் கையின் வேகமும் சுத்தமும் எங்களுக்குப் பெருமை. ஆனால் 7 மெகாஹெர்ட்ஸில் யாராவது தட்டுத்தடுமாறி 8 சொல் வேகத்தில் சி.கியூ. அழைத்தால், தயவு செய்து தாண்டிப் போகாதீர்கள். அது தன் வீட்டு அறையில் வியர்த்து விறுவிறுத்து முதன்முதலாகத் தட்டுகிற பிள்ளையாக இருக்கும். பதில் வராமல் மூன்று நாள் போனால் நான்காவது நாள் அது வராது. அதே வேகத்தில் பதில் கொடுங்கள். கியூ.ஆர்.எஸ். (மெதுவாக அனுப்புங்கள்) என்று கேட்டால் உடனே குறையுங்கள்; கேட்கும் முன்பே குறைத்தால் இன்னும் நல்லது. அனுப்பியதில் பிழை இருந்தால் பேண்டில் வைத்துத் திருத்த வேண்டாம். பிறகு போனில் அன்பாகச் சொல்லிக்கொள்ளலாம். கே1யு.எஸ்.என். குழு நடத்தும் மெதுவேகப் பயிற்சிப் போட்டியில் 20 சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்பதே விதி. நம் நேரப்படி திங்கள் அதிகாலை ஐந்தரைக்கு ஒரு சுற்று வரும். அமெரிக்காவின் தேர்ந்த கைகளெல்லாம் புதியவர்களுக்காக அங்கே வேகத்தைக் குறைத்துக்கொண்டு உட்காருகின்றன. நம்மாலும் முடியும்.

எனவே நான் கேட்பது இது. தமிழ்நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து வாரம் ஒரு மாலை 7 மெகாஹெர்ட்ஸில் 10 சொல்லைத் தாண்டாத ஒரு மெதுவேக சி.டபிள்யூ. நெட் (குறித்த நேரத்தில் பேண்டில் கூடும் சந்திப்பு) தொடங்குங்கள். ஊருக்கு ஒருவராக முறை வைத்து நெட்டை நடத்தலாம். பெயர், ஊர், சிக்னல் ரிப்போர்ட், 73, அவ்வளவு போதும். தேர்வு எழுதி முடித்தவர்கள் கீயைப் பரணில் போடுவதற்கு முன்பு இங்கே வந்து சேரட்டும். உரிமம் இன்னும் வராதவர்கள் கேட்டு எழுதி வாட்ஸ்அப்பில் விடை அனுப்பட்டும். மதுரை முறை வரும் வாரங்களில் நெட்டை நடத்தவும், தினசரி ஒலிக்கோப்புகளைத் தயாரித்து அனுப்பவும் நான் பொறுப்பேற்கிறேன். மற்ற ஊர்களிலிருந்து யார் யார் வருகிறீர்கள், எந்தக் கிழமை தோது என்று உங்கள் அடுத்த கூட்டத்தில் பேசி முடிவு சொல்லுங்கள். வகுப்புக்கு ஆள் வேண்டும் என்றாலும் கூப்பிடுங்கள்; கீயும் ஆசிலேட்டரும் (பயிற்சிக்கு ஒலி எழுப்பும் பெட்டி) எடுத்துக்கொண்டு வருகிறேன்.

73,
மதுரையிலிருந்து ஒரு வி.யு.2 ஆபரேட்டர்